போனட்டில் கை வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், முதல் கார் வாங்குகிறவர்கள் புதுசுதான் வாங்க வேண்டும், பழைய கார் என்பது இன்னொருவர் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குவது என்ற பொருளில் எழுதியிருந்தார். நான் அதைப் படிக்கும் முன்பே என் மகள் படித்துவிட்டாள். மூன்று இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பத்திரிகையை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் ஒன்றரை மாதமாக இதே பேச்சுதான். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சொந்தச் சம்பளத்தில் முதல் கார் வாங்கப் போகிறாள். அவளுக்குப் புதுசு வேண்டும். எனக்குப் பழசு வேண்டும். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் நிறத்தைப் பற்றி மட்டும் கருத்து சொல்வார். நான் 27 வருடமாக ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2014இல், என் 41வது வயதில், என்னுடைய முதல் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். அதனால் அந்த வாசகருக்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் சொன்னதில் பாதி சரி என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் தொழிலில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அலுவலகத்தில் மேசை, நாற்காலி, கணினி, வேன் என்று எல்லாவற்றுக்கும் வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறோம். மேசைக்கு எல்லா வருடமும் ஒரே தொகை எழுதினால் பெரிய பிழை இல்லை. கார் அப்படி இல்லை. அதன் மதிப்பு பூங்காவில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி: மேலே செங்குத்து, கீழே வரவரத் தரையோடு சேர்ந்து படுத்துவிடும். ஒரு புதுக் காரின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு, இருக்கும் மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பேச்சுக்கு வைப்போம். மாடலுக்கு மாடல் இது மாறும், ஆனால் நடைமுறைக்கு ரொம்பத் தூரமான கணக்கு இல்லை. முதல் வருட முடிவில் 80. அடுத்து 64. மூன்றாம் வருட முடிவில் 51. ஐந்தாம் வருட முடிவில் 33. எட்டாம் வருட முடிவில் 17.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் புதுசாக 100க்கு வாங்கி, ஐந்து வருடம் ஓட்டி, 33க்கு விற்கிறார். அவர் இழந்தது 67. இன்னொருவர் மூன்று வயதுக் காரை 51க்கு வாங்கி, அதே ஐந்து வருடம் ஓட்டி, 17க்கு விற்கிறார். அவர் இழந்தது 34. இரண்டாமவருக்கு 33 மிச்சம்.

இதை அப்படியே லாபம் என்று எழுதினால் எங்கள் மேலாளர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். பழைய கார் அந்த 33இல் ஒரு பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும். டயர், பேட்டரி, கிளட்ச், ஷாக் அப்சார்பர், பெயர் தெரியாத ரப்பர் சமாச்சாரங்கள். கார் வாங்கிய நாளிலிருந்து நான் ஒரு நோட்டில் செலவு எழுதி வருகிறேன். முதல் ஐந்து வருடத்தில் ரிப்பேருக்கு மட்டும், வாங்கிய விலையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு போயிருக்கிறது. மேலே சொன்ன கணக்கில் அது 13. மிச்சம் 20. அதை வேண்டாம் என்று சொல்லும் வசதி எனக்கு அன்றைக்கு இல்லை, என் மகளுக்கு இன்றைக்கும் இல்லை.

கடன் விஷயத்தில் மட்டும் புதுக் கார்க்காரர்கள் பக்கம் காற்று அடிக்கிறது. புதுக் காருக்கு வட்டி குறைவு, தவணைக் காலம் அதிகம். பழைய காருக்கு வட்டி கூடுதல், காலம் குறைவு. பொதுவாக இதுதான் வழக்கம். அதனால் பாதி விலைக் காருக்கு மாதத் தவணை பாதியாக வராது. மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஷோரூம் பக்கம் சாய்வது இதனால்தான்.

ஆனால் வட்டி என்று வாயால் சொல்லும் எண்ணை நம்பாதீர்கள். போன மாதம் மகளோடு கடன் விசாரிக்கப் போய் உட்கார்ந்திருந்தபோது, எதிரில் இருந்த இளைஞர் ‘வருஷத்துக்கு 10 பர்சன்ட்தான் மேடம், ஃபிளாட்’ என்றார். அந்த ஃபிளாட் என்ற வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. 100 கடன், ஐந்து வருடம், வருடத்துக்கு 10 வீதம் வட்டி 50. மொத்தம் 150. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் இரண்டரை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாதமும் நீங்கள் அசலில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டியோ கடைசி மாதம் வரை முதல் நாள் அசலின் மேலேயே ஓடுகிறது. குறைந்துகொண்டு வரும் பாக்கியின் மேல் போட்டுப் பார்த்தால் அந்த 10 சதவீதம் உண்மையில் 17க்கும் மேல். நான் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். அந்தத் தம்பி பாவம், தனக்கே தெரியாது என்று சொன்னார். நம்பினேன்.

இன்னொன்று. கையிலிருந்து கொஞ்சமாகப் போட்டு, மிச்சத்தை நீண்ட தவணையில் எடுத்தால், முதல் சில வருடங்களுக்குக் கடன் காரைவிடப் பெரிசாக இருக்கும். அந்தச் சமயத்தில் கார் முழுசாக நொறுங்கிவிட்டால், தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவரை, இன்ஷூரன்ஸ் பொதுவாகக் காரின் அன்றைய மதிப்பைத்தான் தரும். கார் இருக்காது, கடன் இருக்கும்.

சரி, பழைய காரில் தலைவலி இல்லையா? இருக்கிறது. 2014இல் நான் முதலில் பார்க்கப் போன காரைப் பற்றிச் சொல்கிறேன்.

வெள்ளி நிறம். 2010இல் செய்தது. மீட்டரில் 38,000 கிலோமீட்டர். பாலிஷ் போட்டு முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்கள். விற்றவர் ஒரு புரோக்கர். நான் எங்கள் அலுவலக டிரைவர் சொன்ன ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போயிருந்தேன். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். வரும் முன்பே ஒன்று சொல்லிவிட்டார்: “வாங்கினாலும் வாங்காட்டியும் என் கூலி ஒண்ணுதாங்க்கா. விக்கிறவங்ககிட்ட நான் எதுவும் வாங்க மாட்டேன்.” நான் அதுவரை பேசிய ஆட்களிலேயே இதை வாயைத் திறந்து சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும், எனக்குக் கூலியே வேண்டாம் அக்கா, கார் முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள். முடிந்தால்தான் காசு என்றால், முடிக்கத்தான் பார்ப்பார்கள்.

காரின் பக்கத்தில் போனதும் நான் இன்டீரியரைப் பார்த்தேன். என் கணவர் நிறத்தைப் பார்த்தார். மெக்கானிக் தம்பி போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்துவிட்டு, “காலையில எங்கேயாவது போயிட்டு வந்தீங்களாண்ணே?” என்று கேட்டார். “இல்லையே, நேத்து ராத்திரியிலேர்ந்து இங்கேயேதான் நிக்குது.” தம்பி என் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, நீங்களும் தொடுங்கள் என்பது போலக் கண்ணைக் காட்டினார். தொட்டேன். இஸ்திரிப் பெட்டி மாதிரி இருந்தது.

எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால் பல வியாதிகள் மறைந்துகொள்ளும். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினை முதன்முதலில் ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அது உண்மை பேசும். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நின்றோம். இந்தத் தடவை போனட் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீல நிறத்தில் ஒரு கொத்துப் புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது. வெள்ளை, குளிர் நேரத்தில் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி; எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது, அது பெரிய செலவு. இந்த மூன்று நிறமும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் அவர் பெடலைக் காட்டினார். பிரேக் பெடல் ரப்பர் வலது ஓரத்தில் வழவழவென்று தேய்ந்திருந்தது. கிளட்ச் பெடல் ரப்பரோ புத்தம் புதுசு. 38,000 ஓடிய காருக்கு எதற்கு ரப்பர் மாற்ற வேண்டும்? டயரைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். டிக்கியில் இருந்த ஸ்டெப்னியில் 1410, அதாவது 2010ஆம் வருடத்தின் 14வது வாரம். காரோடு வந்த டயர். ஓடுகிற நாலு டயரிலும் 0514. அதாவது ஒரு செட் முழுசாகத் தேய்ந்து, மாற்றியும் ஆகிவிட்டது. பத்து காசு செலவில்லாமல், கீழே குனிந்தால் தெரிகிற தகவல் இது.

கடைசியாக அந்த ஸ்டிக்கர். ஆயில் மாற்றும்போது, அடுத்தது எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதி டிரைவர் பக்கக் கதவின் உள் ஓரத்தில் ஒட்டுவார்கள். அதைக் கிழித்திருந்தார்கள், ஆனால் அவசரத்தில் பாதிதான் வந்திருக்கிறது. மிச்சத்தில் ‘அடுத்தது: 7’ என்று மட்டும் இருந்தது. ஏழுக்குப் பிறகு கிழிசல். இது ஏழாயிரமா எழுபதாயிரமா என்று அந்தப் புரோக்கரிடமே கேட்டேன். கணக்குப் பிரிவில் இருந்தால் இப்படித்தான், இலக்கம் விடுபட்டால் கை நமைக்கும். அவர் சற்றும் தயங்காமல், “அது வேற வண்டியோட ஸ்டிக்கரா இருக்கும் மேடம்” என்றார். இத்தனை வருடம் கழித்தும் எங்கள் வீட்டில் யாராவது சமாளித்தால் இந்த வாக்கியத்தைத்தான் சொல்கிறோம்.

கார் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாப் பழைய காரையும் சந்தேகப்பட்டு விலையைக் குறைக்க, நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மனமில்லாமல் விலகிவிட, சந்தையில் மட்டமானதே மிஞ்சும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970இல் எழுதினார். பழைய கார்ச் சந்தையைத்தான் உதாரணமாக எடுத்தார். 2001இல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. போன வாரம் எழுதிய வாசகர் அவரையும் தன் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வாதம் நிற்பது வாங்குபவருக்கு எதுவும் தெரியாது என்ற தூணின் மேல். ஒரு மெக்கானிக்கின் அரை நாள் கூலி அந்தத் தூணில் பாதியை இடித்துவிடும்.

நான் வாங்கியது மூன்றாவதாகப் பார்த்த கார். மூன்றரை வயது, ஒரே ஓனர், வயதான தம்பதி. அவர்கள் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார்கள். முதல் சர்வீஸிலிருந்து எல்லா பில்லும் துளை போட்டு, தேதி வரிசையில். நான் காரைப் பார்க்கும் முன்பே பாதி விலை பேசி முடித்துவிட்டேன் என்று என் கணவர் இன்றும் கிண்டல் செய்வார். காரின் 17 இலக்க சேசிஸ் எண்ணைப் பதிவுத் தாளோடு ஒப்பிடும் வேலையை என்னிடம் கொடுத்தார் தம்பி. நான் ஒரு இடத்தில் ஆங்கில ஓ என்று படித்தேன். “அது ஜீரோங்க்கா. இதுல ஓ வராது, ஐ வராது, க்யூவும் வராது. குழம்பும்னு வெச்சிருக்காங்க” என்றார். எங்கள் அலுவலகத்தில் விலைப்பட்டியல் எண் போட்டவருக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால் என் கண்ணாடி இவ்வளவு தடிமனாக ஆகியிருக்காது.

அவ்வளவு ஒழுங்கான ஃபைலிலும் ஒரு பில் இல்லை: டைமிங் பெல்ட். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் நேரம் ஒத்து ஓட வைப்பது அது. சில எஞ்சின்களில் அந்த வேலைக்குச் சங்கிலி இருக்கும்; அந்த எஞ்சினில் சங்கிலி கிடையாது, ரப்பர் பெல்ட்தான். அது ஓடும்போது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். காரை எடுத்த முதல் வாரமே மாற்றுங்கள் என்றார். மாற்றினேன். கூடவே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், அதே இடத்தில்தான் இருக்கிறது, பிரிக்கிற கூலி ஒன்றுதான் என்றார். நல்லாத்தானே இருக்கிறது, எதற்கு வீண் செலவு என்று நான் மறுத்துவிட்டேன். எட்டே மாதம். பம்ப் ஒழுக ஆரம்பித்தது. மறுபடியும் அதே பெல்ட்டைக் கழற்றி, அதே இடத்தைப் பிரித்து, அதே கூலி. ‘அப்பவே சொன்னேனேக்கா’ என்று அவர் சொல்லவில்லை. பில்லை மட்டும் நீட்டினார். என் நோட்டில் அந்த வரிக்கு எதிரில் ‘என் தப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இதிலிருந்து நான் கற்றதை மகளுக்கும் சொன்னேன். பழைய கார் வாங்குகிறவர் கையில் இருக்கும் பணம் முழுவதற்கும் கார் வாங்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் நிறுத்த வேண்டும். டயர், பெல்ட், பேட்டரி, எல்லா ஆயிலும், பிரேக் ஃப்ளூயிடும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டிய பொருள் அது என்று பல கார்க்காரர்களுக்குத் தெரியாது. ‘எட்டு வயசு, ஆனா பத்தாயிரம்தான் ஓடியிருக்கு’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போது கொஞ்சம் பயம்தான். ஓடாமல் நிற்கிற காரில் ரப்பர் சீல்கள் காய்கின்றன, டயர் வெடிப்பு விடுகிறது, பேட்டரி செத்துப்போகிறது. வீட்டில் ஆள் இல்லாமல் பூட்டிவைத்த தையல் மெஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழைய காருக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. முதல் ஆறு மாதத்தில் நான் என் காரில் நான்கு கோடு போட்டேன். இரண்டு எங்கள் வீட்டு கேட் தூணில், ஒன்று இன்னொருவர் வீட்டு கேட் தூணில், நான்காவது எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. புதுக் காராக இருந்திருந்தால் அழுதிருப்பேன். பழசு என்பதால், ஏற்கனவே ரெண்டு இருக்கு, இதோட சேர்த்து ஆறு என்று எண்ணிவிட்டுப் போய்விட்டேன். அந்தத் தைரியத்தில்தான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். அதே வருடம் புதுக் கார் வாங்கிய என் சக ஊழியர் ஒருவர், கோடு விழுந்துவிடும் என்று பஸ்ஸிலேயே வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுவார்.

இதெல்லாம் சொல்லி முடித்த அன்று என் மகள் அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அம்மா, உன் கார்ல ஈஎஸ்சி இருக்கா?”

இல்லை. காரைத் தன் பிடியில் வைத்திருக்கும் அந்த எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என் காரில் இல்லை. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கார் உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்பதை அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அதாவது கார் வழுக்க ஆரம்பித்தால், தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்துக் காரை நேராக்கும். நம் காலால் நாலு சக்கரத்தையும்தான் பிடிக்க முடியும். ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்த டிரைவராலும் முடியாது. 1995இல் வந்த தொழில்நுட்பம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து எல்லாப் புதுக் காரிலும் கட்டாயம். நான் கார் வாங்கிய அதே வருடம் என்பதை அவள் அழுத்திச் சொன்னாள். வேலை முடிந்து ராத்திரியில், ஈரமான ரோட்டில், புதுசாக ஓட்டக் கற்றவள் வரப்போகிறாள். தேய்மானக் கணக்கில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நட்சத்திர விஷயத்திலும் அவள் என்னைத் திருத்தினாள். காரை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் 1997இல் முடிவுகளை வெளியிட ஆரம்பித்தது. வருடங்கள் போகப்போகச் சோதனை கடுமையாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார், இன்றைய ஐந்து நட்சத்திரக் காருக்குச் சமம் இல்லை. பழைய கார் விளம்பரத்தில் ‘ஃபைவ் ஸ்டார்’ என்று இருந்தால், எந்த வருடத்து ஸ்டார் என்று கேட்க வேண்டுமாம். ஏர்பேக் இருந்தால் மட்டும் போதாது, அதைக் கம்பெனி திரும்ப அழைத்து மாற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் இருந்த, பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உலோகத் துண்டுகள் சிதறியதால், உலகம் முழுக்கப் பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. எல்லா ஓனரும் கொண்டுபோய் மாற்றவில்லை. அந்த 17 இலக்க எண்ணைக் கம்பெனியிடம் சொன்னால், அந்தக் காருக்கு மாற்ற வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள்.

ஆகவே நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். பழசு என்றால் என் மாதிரிப் பழசு இல்லை. மூன்று, நான்கு வயது. ஐந்தைத் தாண்டக் கூடாது. ஈஎஸ்சி இருக்க வேண்டும், ஏர்பேக்குகள் இருக்க வேண்டும். சறுக்குமரத்தின் செங்குத்தான பகுதியை முதல் ஓனர் இறங்கிவிட்டிருப்பார், பாதுகாப்புச் சாதனங்களும் இன்றைக்கு ஏற்றதாக இருக்கும். அவளும் கொஞ்சம் இறங்கி வந்தாள், ஆனால் முழுசாக இல்லை.

அவள் வைத்த கடைசி வாதம் கணக்கில்தான், அதுவும் என் கணக்கிலேயே. “நான் அஞ்சு வருஷத்துல விக்கப் போறதில்லம்மா. உன்னை மாதிரி கடைசி வரைக்கும் ஓட்டப் போறேன். அப்ப?” போட்டுப் பார்த்தேன். ஐந்து வருடத்தில் விற்றால் புதுக் காருக்குத் தேய்மானம் வருடத்துக்கு 13, மூன்று வயதுக் காருக்கு 7. இரண்டையும் 12 வயது ஆகும்வரை வைத்திருந்தால், புதுசுக்கு வருடத்துக்கு 8, பழசுக்கு 5. வித்தியாசம் ஆறிலிருந்து மூன்றாகிவிட்டது. பழசில் ரிப்பேரும் முன்னாலேயே ஆரம்பிக்கும். அப்படி நெடுநாள் வைத்திருக்கிறவர், தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவர், நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைத் தெரியாதவர், இவர்கள் புதுசு வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவர்கள்தான் எனக்குப் புரியாதவர்கள். புரியாவிட்டாலும் அவர்களுக்கு நன்றி; அவர்கள் விற்பதைத்தான் நாங்கள் வாங்குகிறோம்.

இனி உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு முறை உங்கள் பத்திரிகையில் வாகனப் பக்கம் வருகிறது. நான் விடாமல் படிக்கிறேன். இதுவரை அதில் ஒரு பழைய காரைப் பற்றிக்கூடப் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லாமே அந்த மாதம் வந்த புதுக் கார்கள். எத்தனை வினாடியில் 100 கிலோமீட்டர் வேகம் எட்டுகிறது, திரை எத்தனை அங்குலம், கூரையில் கண்ணாடி திறக்கிறதா. உங்கள் நிருபர் ஓட்டிப் பார்த்து எழுதும் அந்த மூன்று நாள் அனுபவத்தில், அந்தக் காருக்கு டைமிங் பெல்ட்டா சங்கிலியா என்று ஒரு வரி இருந்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் நீங்கள் புகழ்ந்த கார்கள் இன்று எப்படி இருக்கின்றன? அவற்றில் முதலில் எது உடைகிறது? அறுபதாயிரம் கிலோமீட்டரில் கிளட்ச் போகிறதா, கதவு ரப்பர் போகிறதா? எந்த உதிரிபாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது? மாதத்துக்கு ஒரு கார் போதும். அதை வைத்திருக்கும் நாலு பேரையும், அதைப் பிரித்துப் பார்த்த ஒரு மெக்கானிக்கையும் கேட்டு எழுதினால், போன வாரம் எழுதிய வாசகரும் நானும் இப்படி அவரவர் வீட்டு அனுபவத்தை மட்டும் வைத்துச் சண்டை போட வேண்டியிருக்காது. பேட்டரிக் கார்களுக்கு இது இன்னும் அவசரம். அதில் புகையும் இல்லை, எஞ்சின் ஆயிலும் இல்லை. பேட்டரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் பாதி விலை. அதற்கு எங்கே கை வைத்துப் பார்ப்பது என்று என் மெக்கானிக் தம்பியே விழிக்கிறார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரைப் பார்க்கப் போகிறோம். நான்கு வயது, ஒரே ஓனர். அடுத்த நாள் ஷோரூமில் புதுக் காருக்கு டெஸ்ட் டிரைவ் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள், நான் தடுக்கவில்லை. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அவளே போனில் ஓனரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று அவர் கேட்டிருப்பார் போல. “சும்மாதான் அங்கிள், எங்கம்மாவுக்கு ஒரு பழக்கம்” என்றாள்.

இப்படிக்கு,
வெள்ளி நிறக் காரை வாங்காமல் தப்பிய ஒரு வாசகி